ஏழாம் அத்தியாயம்: நச்சுப் பவளமும் வெந்நீரும்

நம்முடைய வீடுகளில் சுத்தம் என்ற சொல்லுக்கு மறுபெயர் வெந்நீர். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர், பால் புட்டிக்கு வெந்நீர், எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்துக்கு வெந்நீர் என்று, எந்த அழுக்கையும் எந்தக் கிருமியையும் கொதி வந்த ஜலம் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையைப் பாட்டிமார் நமக்குச் சோற்றோடு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். பெரும்பாலான காரியங்களில் அந்த நம்பிக்கை நியாயமானதுந்தான். ஆனால் வீட்டிலே கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவருக்கு, அந்த நம்பிக்கையே உயிருக்கு உலை வைத்துவிடக்கூடிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அந்தச் சந்தர்ப்பம் எப்போது நேரும், அதை எப்படித் தவிர்க்கலாம், தவறி நேர்ந்துவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பவற்றை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் ஒரு வரிசை வீட்டை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். தாமான் யுனிவர்சிட்டியாக இருக்கலாம், தாமான் உங்கு துன் அமினாவாக இருக்கலாம். எதுவானாலும் கடலை நேரே காணாத ஊர்ப்பகுதிதான். கடல் இல்லாத குறையைத் தீர்க்கவே போலும், அவ்வீட்டுக்காரர் கூடத்தின் ஒரு மூலையில் மூன்றடித் தொட்டி ஒன்றை வைத்து, உப்புக் கரைத்து, விளக்குப் பொருத்தி, சிறு கடலொன்றைச் சிருஷ்டி செய்திருக்கிறார். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள இந்த ஊரின் வெப்பம் பவளத்துக்கு ஆகாதாகையால், குளிர்சாதனத்தை ஓடவிட்டு, ஜன்னல்களையும் கதவையும் இறுக மூடிவைப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாறையொன்றின்மேல் காசு காசாகப் படர்ந்து, விலை கொடுத்து வாங்கிய நல்ல பவளங்களை நெருக்கிக்கொண்டிருக்கும் பழுப்பு நிறச் சனியனை ஒழித்துவிடத் தீர்மானித்து, பாறையை வெளியே எடுத்து, வாளியில் வைத்து, அடுப்படியிலிருந்து ஒரு கெட்டில் கொதிநீரைக் கொண்டுவருகிறார். பக்கத்திலே பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூடிய அறை, கொதிநீர், பெயர் தெரியாத பழுப்புப் பிராணி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுகிற அந்தக் கணந்தான் நாம் அஞ்சவேண்டிய கணம்.

இந்தப் பிராணி யாது?

பவளம் என்றவுடன் நமக்கு நவரத்தினங்களுள் ஒன்றாகிய செம்மணி நினைவுக்கு வருவது இயல்பு. நாம் இங்கே பேசும் பிராணிக்கும் அந்த மணிக்கும் உறவு மிகத் தூரத்து உறவு. மீன்தொட்டிக் கடைகளில் ‘ஸோவா’ என்றும் ‘பாலி’ என்றும் ‘பட்டன் பாலிப்’ என்றும் வழங்கப்படும் இவை, ஸோவாந்திட் என்னும் பிரிவைச் சேர்ந்தவை. கடல் சாமந்திக்கு நெருங்கிய சுற்றம். மெய்யான பவளப்பூச்சிகளைப்போலச் சுண்ணாம்புக் கூடு கட்டத் தெரியாதவை. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவே உள்ள வட்டத் தட்டாய், விளிம்பிலே சிறு உணர்கொம்புகளோடு, கூட்டங் கூட்டமாகப் பாறையைப் போர்த்துக் கிடக்கும். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் வர்ணங்களில் கிடைப்பதாலும், கவனிப்புக் குறைந்தாலும் பிழைத்துக்கொள்வதாலும், புதிதாகத் தொட்டி வைப்பவருக்குக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது இவற்றைத்தான்.

இவற்றுள் ஸோவாந்தஸ் என்ற பேரினமும் பாலித்தோவா என்ற பேரினமும் நமக்கு முக்கியமானவை. கடும் நஞ்சு பெரிதும் காணப்படுவது பாலித்தோவாவிலும் அதன் உறவினங்களிலுமே. மணலையும் நுண்கற்களையும் தன் சதைக்குள்ளே பொதிந்து வைத்துக்கொள்வது பாலித்தோவாவின் சுபாவம். ஸோவாந்தஸுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் இந்த அடையாளத்தை நம்பி யாரும் தைரியம் கொள்ளவேண்டாம். அமெரிக்கத் தலைநகர்ப் பகுதியிலுள்ள மூன்று மீன்தொட்டிக் கடைகளில் வாங்கிய மாதிரிகளைச் சோதித்து 2011-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, சில மாதிரிகளில் மிகக் கொடிய அளவில் நஞ்சு இருந்ததையும், வேறு சிலவற்றில் நஞ்சு அறவே தென்படாததையும் கண்டது. கடையில் எழுதி ஒட்டியிருக்கும் வணிகப் பெயரோ, மேனியின் வர்ணமோ நஞ்சின் அளவைச் சொல்லமாட்டா. அழகில்லாததென்று நாம் அலட்சியப்படுத்தி, சுரண்டி எறியத் துணிகிற சாதாரணப் பழுப்பு வகையே பலமுறை கொடியதாக அமைந்திருக்கிறது. ஆகையால், பெயர் எதுவாயினும், பொத்தான் வடிவில் படரும் அனைத்தையும் நஞ்சுடையவை என்றே வைத்துக்கொண்டு கையாள்வது விவேகம்.

விலை கொடுத்து வாங்காதவர் வீட்டிலும் இவை இருக்கக்கூடும். ‘லைவ் ராக்’ என்று விற்கப்படும் உயிர்ப்பாறையின் இடுக்கில் இரண்டொன்று ஒட்டிக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, பின் பரவத் தொடங்கும். “நான் பாலி வாங்கவே இல்லையே” என்பவர் ஒருமுறை தம் பாறையின் அடிப்புறத்தையும் பார்த்துவிடுவது நலம்.

ஹானாவின் குட்டை

இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்த கதை புராணத்தில் தொடங்கி ரசாயனத்தில் முடிகிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றாகிய மாவியில், ஹானா என்னும் பகுதியின் கடலோரத்தில், அலையேறி இறங்கும் பாறைக்குட்டை ஒன்று உண்டு. முற்காலத்தில் அவ்வூர் மீனவர்கள் கடலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒருவர் குறைந்து வந்தாராம். ஊரில் தனித்து வாழ்ந்த கூனன் ஒருவன்மீது சந்தேகங்கொண்டு அவன் மேலாடையைக் கிழித்துப் பார்க்க, அவன் முதுகிலே சுறாவின் வாய் தெரிந்ததாம். அவனைக் கொன்று எரித்து, சாம்பலை அந்தக் குட்டையில் கொட்டிவிட்டார்களாம். அதிலிருந்து முளைத்ததாகச் சொல்லப்பட்டதே ‘லிமு மாக்கே ஓ ஹானா’, அதாவது ஹானாவின் சாவுப் பாசி. ஈட்டி முனையில் அதைத் தடவினால் பட்டவன் பிழைக்கமாட்டான் என்பது அம்மக்களின் அனுபவம். குட்டையைத் தீண்டலாகாது என்பது அவர்கள் விதித்த விலக்கு.

விஞ்ஞானிகள் அவ்விலக்கை மீறி 1961-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி அங்கே முதன்முதலாக மாதிரி எடுத்தார்கள். அதே நாளில் ஹவாய்க் கடலாராய்ச்சிக்கூடத்தின் முக்கியக் கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோனது தற்செயலே ஆயினும், பழங்கதையை நம்பியவர்களுக்கு அது போதுமான சாட்சியாயிற்று. எடுத்த மாதிரியை ஆராய்ந்தபோது, பாசி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது தாவரமே அன்று, பாலித்தோவா இனத்தைச் சேர்ந்த பிராணி என்பது வெளிப்பட்டது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு மூர், பால் ஷாயர் ஆகிய இருவரும் 1971-இல் அதன் நஞ்சைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். பாலிடாக்ஸின் என்று அதற்குப் பெயர் அமைந்தது. ஒரே மூலக்கூறில் 129 கரி அணுக்கள் கோத்த அந்தப் பெருஞ்சங்கிலியின் அமைப்பைத் தெளிவாக வரைந்து காட்ட, ஹவாயிலும் ஜப்பானிலும் தனித்தனியே உழைத்த இரு குழுவினருக்கு மேலும் பத்தாண்டுகள் தேவைப்பட்டன. புரதமல்லாத நஞ்சுகளுள், மனிதன் அறிந்தவற்றிலேயே மிகக் கொடியவற்றின் வரிசையில் அது நிற்கிறது.

சரீரத்துக்குள் நடப்பது

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் நுண்ணிய இறைப்பு இயந்திரங்கள் இருக்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957-இல் விவரித்து, அதற்காக 1997-இல் நோபல் பரிசு பெற்ற இந்த இயந்திரம், சோடியம் மூன்றை வெளியே தள்ளிப் பொட்டாசியம் இரண்டை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இதயம் துடிப்பதும், தசை சுருங்குவதும், நரம்பு செய்தி சொல்வதும் இந்த ஓயாத ஏற்ற இறைப்பின் பலன். பாலிடாக்ஸின் சென்று இந்த இயந்திரத்தைப் பற்றிக்கொண்டால், அளந்து திறந்து அளந்து மூடும் மதகு உடைந்து திறந்தே கிடக்கும் மடையாகிவிடுகிறது. சோடியம் வெள்ளம்போல் உள்ளே புகுகிறது, பொட்டாசியம் வெளியே ஓடுகிறது. இதயத்தின் தாளம் தடுமாறுகிறது, மூச்சுக்குழல் இறுகுகிறது, கடுமையான நிலையில் தசைநார்கள் சிதைந்து, அந்தச் சிதைவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது.

இந்த நஞ்சு உடலில் புகும் வாயில்கள் நான்கு: கையிலுள்ள கீறல், கண், வாய், சுவாசம். சளிபோன்ற வழுவழுப்பாகப் பிராணியின்மேல் படிந்திருக்கும் நஞ்சு, அதைக் கிளறாதவரை பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இவற்றை வளர்த்தும் ஒரு தீங்கும் அறியாதவர்கள் பலர் இருப்பதன் ரகசியம் இதுவே. சுரண்டும்போது, அறுக்கும்போது, நசுக்கும்போது, சூடேற்றும்போதுதான் அது தன் இருப்பிடத்தைவிட்டுப் புறப்படுகிறது.

இங்கேதான் வெந்நீரின் துரோகம் விளங்குகிறது. சமையற்கட்டின் கொதிநிலை இந்த மூலக்கூறை அழிப்பதில்லை. அது தானே ஆவியாகிப் பறப்பதும் இல்லை. கொதிநீர் பட்டவுடன் எழும் நீராவியோடு கிளம்புகிற கண்ணுக்குத் தெரியாத துளிகளில் ஏறிக்கொண்டு, அறை முழுதும் சஞ்சரிக்கிறது. அழுக்கைக் கொல்லும் என்று எண்ணி ஊற்றிய நீர், நஞ்சுக்கு வாகனமாகிவிடுகிறது. நீர்த்துளியேறி வரும் இத்தகைய நஞ்சு திறந்த வெளியிலும் சும்மா விடுவதில்லை என்பதற்கு இத்தாலியின் ஜெனோவா நகரக் கடற்கரை சாட்சி. பாலிடாக்ஸினின் இனத்தைச் சேர்ந்த நஞ்சை உண்டாக்கும் ஒரு நுண்பாசி 2005-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே பெருகியபோது, கடற்காற்று வாங்க வந்தவர்களில் ஏறத்தாழ இருநூறு பேர் காய்ச்சலும் இருமலுமாய் மருத்துவரை நாடினார்கள். கடற்கரையிலேயே அப்படியென்றால், குளிர்சாதனம் ஓடும் மூடிய அறையைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

மூன்று சம்பவங்கள் கற்பித்த பாடம்

முதலாவது, அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் 2007-இல் நடந்தது. தொட்டியில் மிதமிஞ்சிப் படர்ந்த பழுப்பு ஸோவாந்திட்டை ஒழிக்க நினைத்த ஒருவர், பாறைமேல் கொதிநீரை ஊற்றி, எழுந்த ஆவியைச் சுவாசித்தார். சிறிது நேரத்துக்குள்ளே மூக்கொழுகலும் இருமலும் தொடங்கி, சில மணி நேரத்தில் மூச்சுத் திணறலாக முற்றியது. நாம் முன்பு குறிப்பிட்ட கடை ஆராய்ச்சிக்கு வித்திட்டது இவர் வீட்டுத் தொட்டியே.

இரண்டாவது, 2012 முதல் 2014 வரை அலாஸ்காவில், வீடுகளிலும் மீன்தொட்டிக் கடைகளிலும் நேர்ந்தவை. அவற்றுள் ஒருவர், உயிருள்ள ஸோவாந்திட்டைப் புதிதாகத் தம் தொட்டியில் சேர்த்த ஏழெட்டு மணி நேரத்துக்குப் பிறகு, வாயிலே கசப்பான உலோகச் சுவையும், காய்ச்சலும், தளர்ச்சியும், இருமலும், தசைவலியுமாக மருத்துவமனைக்கு வந்தார். ஆங்கரேஜ் நகர மருத்துவமனை சுகாதார அதிகாரிகளுக்கு உடனே தகவல் தந்ததால், மற்றவர்களின் நோயும் இன்னதென்று விளங்கியது.

மூன்றாவது, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஸ்டீவன்டன் என்ற ஊரில், 2018 மார்ச்சில் நடந்தது. ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்வதற்காகப் பவளம் படர்ந்த பாறையை வெளியே எடுத்ததன் விளைவாக, குடும்பத்தார் மட்டுமன்றி, அவர்களுக்கு உதவ விரைந்து வந்த அவசரப் பணியாளர்களில் சிலரும் மருத்துவமனை செல்ல நேர்ந்தது. தொட்டியைத் தொட்டவருக்கு மட்டுமே ஆபத்து என்று எண்ணுபவர், இந்த மூன்றாவது வீட்டை மறக்கலாகாது.

செய்யத்தகாதவை

பாறைமேல் கொதிநீர் ஊற்றுவதும், பாறையைப் பானையிலிட்டுக் கொதிக்கவைப்பதும், மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பதும், நீராவி பீய்ச்சும் கருவியால் கழுவுவதும் ஒரே பாவத்தின் பல உருவங்கள். இவற்றுள் ஒன்றையும் செய்யக்கூடாது. கம்பித் தூரிகையாலும் பல் துலக்கும் பிரஷாலும் காற்றில் வைத்துத் தேய்ப்பது, துளிகளை முகத்தில் தெறிக்கச் செய்யும். மின் ரம்பத்தால் அறுப்பதும், உயரழுத்தக் குழாய் நீரைப் பாய்ச்சுவதும் அவ்வாறே. பாறையை வெயிலில் காயவைத்தால் நஞ்சும் காய்ந்துபோகும் என்பது தப்பெண்ணம். காய்ந்தது பிறகு தூளாகப் பறக்கும். தொட்டியிலிருந்து ரப்பர்க் குழாயில் தண்ணீரை இறக்குவதற்கு வாயை வைத்து உறிஞ்சும் பழைய பழக்கத்தை இன்றோடு விட்டுவிடவேண்டும்.

கையாளும் முறை

கீழ்க்கண்ட வரிசையை ஒரு நியமமாகக் கொண்டால், பெரும்பாலான விபத்துகள் தலைகாட்டமாட்டா.

1. வேலை தொடங்குமுன் குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அப்புறப்படுத்துக. குளிர்சாதனத்தை நிறுத்தி, ஜன்னல்களையும் கதவையும் திறந்து, காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும்படி செய்க. கூடுமானால் வேலையை வாசல் ‘போர்ச்சுக்கு’ மாற்றிக்கொள்க.

2. கையில் வெட்டோ கீறலோ இருந்தால் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம். இல்லாவிடினும் முழங்கைவரை நீண்ட ரப்பர்க் கையுறையை அணிக. அதன் அடியில் மெல்லிய நைட்ரில் கையுறையும் இருப்பது உத்தமம்.

3. கண்ணைச் சுற்றிலும் மூடும் காப்புக் கண்ணாடி அவசியம். சாதாரண மூக்குக்கண்ணாடி பக்கவாட்டில் தெறிப்பதைத் தடுக்காது. முகக்கவசம் துணை செய்யும். ஆனால் ஆவி எழுப்பும் வேலைக்கு அது உரிமைச்சீட்டு அன்று.

4. பவளத்தை இடம் மாற்றுவதானாலும் பிரிப்பதானாலும், அது நீருக்குள் மூழ்கியிருக்கும்போதே செய்க. பிராணியை வெட்டாமல், அது ஒட்டியுள்ள கல்லின் விளிம்பைப் பெயர்த்தெடுப்பதே மேல். நசுங்கிய பவளம் நிறையக் கசிவை விட்டால், தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றி, வடிகட்டியில் புதிய செயலூட்டிய கரி இடுக.

5. வேலை முடிந்ததும் கையுறையோடே கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, பிறகு உள்புறம் வெளியே வரும்படி அதைக் கழற்றி, மறுபடி கைகளைக் கழுவுக. அதுவரை முகத்தையோ, கண்ணையோ, கைத்தொலைபேசியையோ தொடாதிருக்க. கழுவுவதற்குத் தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்கட்டும்.

6. பயன்படுத்திய வாளி, இடுக்கி, கத்தி முதலியவற்றை வெளுப்புத் திரவத்தில் ஊறவைக்க. அவற்றைச் சமையற்கட்டுக்குத் திருப்பி அனுப்பவே கூடாது.

வெளுப்புத் திரவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் வெந்நீர் கைவிடும் இடத்தில் கைகொடுப்பது இதுதான். நம் மக்கள் ‘குளோரோக்ஸ்’ என்றே பொதுப்பெயரிட்டு அழைக்கும் இந்தத் திரவத்திலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட், 0.1 விழுக்காட்டுக்குக் குறையாத கரைசலாக இருந்தால் பாலிடாக்ஸினைச் செயலற்றதாக்கிவிடும். கடையில் விற்கும் மணமில்லாத சாதாரண வகை பெரும்பாலும் 5 விழுக்காட்டை ஒட்டியது. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு குளிர்ந்த தண்ணீர் சேர்த்தால், தேவைக்கு மேலேயே வலிமையுள்ள கரைசல் கிடைக்கும். அரைமணி நேரம் கருவிகளுக்குப் போதும். பவளம் தடித்துப் படர்ந்த பாறைக்கு ஓர் இரவு முழுதும் வேண்டும். நீர் கலந்த திரவம் நாளடைவில் வலிமை குன்றுமாதலால், அன்றன்றைக்குக் கலந்து பயன்படுத்துவதே முறை. மீன் உள்ள தொட்டியில் இதை ஒரு சொட்டும் விடலாகாது.

இன்னுமோர் எச்சரிக்கை. தொட்டிப் பம்பில் படியும் சுண்ணாம்பை நீக்கப் புளிக்காடியை உபயோகிக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அந்தக் காடியும் வெளுப்புத் திரவமும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; ஒரு நஞ்சை அடக்கப் போய் மற்றொன்றைக் கிளப்பியவர் ஆவோம். இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காதிருப்பது எளிய உபாயம்.

பாறையை அப்புறப்படுத்துதல்

தொட்டியைக் கலைத்துவிட்டு ஊர் மாறுபவர்களும், வளர்ப்பவர்களைப்போலவே அபாயத்துக்கு உட்படுகிறார்கள். வீடு காலி செய்யும் அவசரத்தில் பாறைகளை வெறுங்கையால் அள்ளிப் பெட்டியில் போட்டு, காரின் பின்னிருக்கையில் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெயிலில் பயணம் செய்வதைப்போல் ஆபத்தான காரியம் வேறில்லை. வேண்டாத பாறையை ஈரத்தோடே மூடியுள்ள வாளியில் இட்டு, வெளுப்புக் கரைசலை மெல்ல ஊற்றி, வீட்டுக்கு வெளியே நிழலில், பிள்ளைகளின் கைக்கும் நாயின் வாய்க்கும் எட்டாத இடத்தில் ஓர் இரவு விட்டு, மறுநாள் கனத்த பிளாஸ்டிக் பைகள் இரண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம். எறிந்த பவளத்தைக் கவ்வும் நாய்கள் நஞ்சேறி மாளக்கூடும் என்பதால், திறந்த குப்பைத்தொட்டியில் அப்படியே போடுவது தகாது.

சாக்கடையிலும் ஆற்றிலும் எறிவது இன்னும் தகாது. ஸ்கூடாய் ஆற்றில் விழுவது ஜொகூர் நீரிணைக்குத்தான் போய்ச் சேரும். வேற்றுக் கடலின் பிராணியை நம் கடலுக்குக் குடியேற்றும் உரிமை எவருக்கும் இல்லை. அவ்வாறே, காசு கொடுத்து வாங்குவானேன் என்று மெர்சிங்குக்கு எதிரேயுள்ள தீவுகளுக்கு உல்லாசப் பயணம் போகும்போது பாறையைப் பெயர்த்துக்கொண்டு வருவதும் பிழை. அத்தீவுகளைச் சூழ்ந்த கடற்பூங்காவில் பவளத்தைத் தொட்டெடுப்பதை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், இன்னதென்று தெரியாத பாறையை ஈரத்துணியில் சுற்றி, மூடிய காரில், குழந்தைகளின் காலடியில் வைத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம் ஆகாது.

நோய்க்குறி கண்டால்

நோய்க்குறிகள் சில நிமிடங்களிலும் தோன்றலாம், சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். வாயில் கசப்பான உலோகச் சுவை, குளிர்காய்ச்சல், இருமல், மூச்சிறைப்பு, நெஞ்சு படபடப்பு, தசைவலி, கைகால் தளர்ச்சி ஆகியவை சுவாசித்தவருக்கு வருவன. தோலில் பட்டால் தடிப்பு, வீக்கம், மரமரப்பு உண்டாகும். கண்ணில் தெறித்தால் சிவப்பும், பொறுக்கமுடியாத வலியும், வெளிச்சத்தைக் காணக் கூசுதலும் ஏற்பட்டு, கவனியாது விட்டால் கருவிழிப் படலமே புண்ணாகிப் பார்வை கெடும். சிறுநீர் தேநீர் நிறமாக மாறுவது தசை சிதைவதன் அடையாளம். அதைக் கண்டபின் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

ஆவியைச் சுவாசித்ததாக ஐயம் தோன்றினால், வீட்டிலுள்ள அனைவரும் உடனே வெளியே திறந்தவெளிக்கு வந்துவிடவேண்டும். விளக்கை அணைக்கவோ, வாளியை மூடவோ, மீனைக் காப்பாற்றவோ திரும்பப் போகலாகாது. தோலைச் சோப்பிட்டு ஓடும் தண்ணீரில் கழுவுக. கண்ணைக் கசக்காமல் பதினைந்து நிமிடம் சுத்தமான நீரால் அலசுக. குழந்தை வாயில் வைத்துவிட்டால், வாயைக் கொப்புளிக்கச் செய்க. வலிந்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மூச்சு முட்டுமானால் 999 எண்ணுக்குத் தொலைபேசி செய்க. நோயாளி தாமே காரை ஓட்டிக்கொண்டு போவது கூடாது.

மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியம் மிக முக்கியம். காய்ச்சலும் உடம்புவலியும் என்று ஒருவர் ஜொகூரில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதலில் எழும் ஐயம் டெங்கியாகவே இருக்கும். புகைமூட்ட காலமாக இருந்தால் இருமலுக்குப் புகையே காரணம் என்று முடிவாகிவிடும். மருத்துவரைக் குறை சொல்வதற்கில்லை. தொட்டியின் கதை நாம் சொன்னாலன்றி அவருக்குத் தெரிய வழியேது? “இத்தனை மணிக்குப் பவளப்பாறையைச் சுத்தம் செய்தேன், ஆவி கிளம்பியது, பாலிடாக்ஸின் நஞ்சாக இருக்கலாம்” என்று சுருக்கமாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள். இதற்கு மாற்றுமருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சுவாசத்தையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாங்கிப் பிடித்து, நஞ்சின் வேகம் தணியும்வரை காப்பதே சிகிச்சை. அத்தகைய கண்காணிப்புக்கு ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனைபோன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவே தக்க இடம். பினாங்கிலே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை மருத்துவர்களும் பொதுமக்களும் ஆலோசனைக்கு அணுகலாம்.

வளர்க்கலாமா?

இத்தனையும் படித்தபின், தொட்டியையே கவிழ்த்துவிடலாமா என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அடுக்களையில் எரிவாயுவும், அலமாரியில் பூச்சிமருந்தும் வைத்துக்கொண்டுதான் நாம் சுகமாக வாழ்கிறோம். அவற்றின் இயல்பை அறிந்திருப்பதால் வாழ்கிறோம். ஆனால் தவழும் குழந்தையும், தொட்டியைத் துழாவும் சிறுவனும் உள்ள வீட்டில், ஸோவாந்திட் அல்லாத வேறு பவளம் எத்தனையோ இருக்க, இதைத்தான் வளர்ப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பது அழகன்று. வாங்கும்போதே கடைக்காரரிடம் இது எந்த இனம் என்று கேளுங்கள். அவர் சொல்லத் தெரியாது விழித்தால், அந்தத் துண்டு அவர் கடையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சிறு காரியம். ஸ்டீவன்டனில் உதவிக்கு வந்தவர்களும் நோயுற்றார்கள் என்று மேலே கண்டோம். நம் வீட்டில் நாம் மயங்கிக் கிடக்கும்போது கதவைத் திறந்து உள்ளே வரப்போகிறவர் பொம்பா என்னும் தீயணைப்புப் படை வீரராகவோ, அடுத்த வீட்டு மலாய்க்காரராகவோ, சீனராகவோ இருக்கலாம். அவர் இந்தத் தமிழ் அத்தியாயத்தைப் படித்திருக்கமாட்டார். ஆகையால் உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை எடுத்து, தொட்டியில் நச்சுப் பவளம் உள்ளது, பாறையை வெறுங்கையால் தொடாதீர், ஜன்னலைத் திறவுங்கள் என்பவற்றோடு, மருத்துவமனையின் எண்ணையும் நச்சு மையத்தின் எண்ணையும் மலாயில் எழுதி, தொட்டியின் அடிப்பெட்டிக் கதவில் இன்றே ஒட்டிவிடுங்கள். அதன் தலைப்பிலே ‘ஜாங்கான் குனா ஆயர் பானாஸ்’, வெந்நீர் கூடாது, என்ற சொற்கள் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அந்த வாக்கியத்தை வருகிறவர் ஒருமுறை படிப்பார். நாமோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், கையிலே கெட்டிலை எடுக்கத் தோன்றும்போதெல்லாம் படிப்போம்.